அந்த மாட்டோட பேர் என்ன?

(கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில், கறவை மாட்டுக் கடன் குறித்துப் பேசியதன் எழுத்து வடிவம்)



தேயிலை பறிக்கும் வேலையை விட்டுவிட்டு, ஒருநாள் கூலியையும் விட்டுவிட்டு இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். அதனால் பொழுதைப் போக்கும் பேச்சு பேச நாங்கள் வரவில்லை. இன்றைக்கு விலங்குகளின் ஞாபகசக்தியைப் பற்றிப் பேசப் போகிறோம். "இதுக்கும் குழுவுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. ஒரு தவணைப் பாக்கியில்தான் இந்தப் பேச்சே ஆரம்பிக்கிறது.

கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம். அங்கே நம்முடைய குழு ஒன்றில் கணவரை இழந்த ஒரு சகோதரி இருக்கிறார். பேர் வேண்டாம். அவருக்குக் குழு மூலமாக மாட்டுக் கடன் கிடைத்தது. மேட்டுப்பாளையத்துக்குக் கீழே ஒரு தோட்டத்தில் கன்றோடு மாடு பார்த்தார்கள். விற்றவர் வீட்டில், குழுப் பிரதிநிதிகள் கண் முன்னாலேயே காலையில் 8 லிட்டர் கறந்து காட்டினார்கள். எல்லோருக்கும் திருப்தி. மாட்டை வண்டியில் ஏற்றி மலைக்குக் கொண்டு வந்தாயிற்று.

வந்த மாடு 3 லிட்டர்தான் கறந்தது. சில நாள் 2 லிட்டர். கிட்டே போனால் உதைத்தது. பால் சொசைட்டிப் பணத்தை நம்பித்தான் கடன் வாங்கினார். பணம் வராமல் இரண்டு தவணை நின்றுபோனது. குழுவில் பேச்சு கிளம்பியது. "8 லிட்டர் கறந்ததை நாங்களே பார்த்தோமே, பாலை வேற எங்கியோ ஊத்துறா" என்று ஒருவர் சொன்னார். உண்மையைச் சொல்கிறோம், நாங்களும் அந்தப் பேச்சை நம்பினோம். "மாட்டை விற்று அசலைக் கட்டச் சொல்லலாம்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியதே எங்கள் கைதான். படித்தவர்கள், பயிற்சி எடுத்தவர்கள் நாங்கள். அந்தத் தொழுவத்துக்கு ஒருநாள் காலையில் போய்ப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

இன்னொரு உறுப்பினர், "ஊசி போட்டா பால் தானா இறங்கும், நான் வாங்கித் தரேன்" என்றார். அந்தச் சகோதரி வேறு வழியில்லாமல் அதற்குத் தயாராகிவிட்டார்.

அந்தக் கூட்டத்தில் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டிதான், எங்களில் யாருக்கும் தோன்றாத கேள்வியைக் கேட்டார்.

"அந்த மாட்டோட பேர் என்ன?"

யாருக்கும் தெரியவில்லை. காது வில்லை எண் எங்கள் பதிவேட்டில் இருந்தது. இன்சூரன்ஸ் தாளில் நிறம், கொம்பு, வயது எல்லாம் இருந்தன. பேர் மட்டும் எங்கேயும் இல்லை.

பாட்டி சொன்னார்: "நம்ம ஊருக்கு மேலே தோடர் மந்துல போய்ப் பாருங்க. ஒவ்வொரு எருமைக்கும் பேர் உண்டு. அறியாதவங்க கிட்டப் போனா முட்ட வரும். அவங்க பேர் சொல்லிக் கூப்பிட்டா வந்து நிக்கும். இந்த மாட்டுக்கு நீங்க யாருன்னே தெரியாது. தெரியாதவங்களுக்கு அது எதுக்குப் பால் கொடுக்கணும்?"

பாட்டி சொன்னது வெறும் பழங்கதை இல்லை. நீலகிரியின் தோடர்கள் தங்கள் எருமைகளுக்குத் தனித்தனியாகப் பேர் வைப்பதை ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1906-ல் வெளிவந்த தன் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார். அந்த எருமைகள் அந்நியர்களிடம் முரட்டுத்தனம் காட்டும், வளர்த்தவர்களிடம் சாதுவாக நிற்கும் என்பதும் இந்த மலையில் எல்லோரும் அறிந்த விஷயம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போன பிறகு நாங்கள் இதைப் பற்றித் தேடிப் படித்தோம். பாட்டி சொன்னதையேதான் விஞ்ஞானிகளும் சொல்லியிருக்கிறார்கள். படித்ததில் நம் தொழிலுக்கு வேண்டியதை இப்போது சொல்கிறோம்.

முதலில் ஆடு. "ஆட்டு மந்தை" என்று நாம் ஏளனமாகச் சொல்கிறோம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் கெண்ட்ரிக் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் செம்மறி ஆடுகளுக்கு மற்ற ஆடுகளின் முகப் படங்களைக் காட்டிப் பழக்கினார்கள். ஓர் ஆடு 50 ஆடுகளின் முகங்களை அடையாளம் கண்டது. 2 வருடத்துக்கு மேல் அதை மறக்கவும் இல்லை. இது 2001-ல் வெளியான ஆய்வு. ஆட்டின் மூளையில், காதுக்கு உள்பக்கமாக இருக்கும் பகுதியில், முகத்தைப் பார்த்தால் மட்டும் வேலை செய்கிற செல்கள் இருப்பதை அவர்கள் அதற்கும் முன்னாலேயே கண்டுபிடித்திருந்தார்கள். அதே மாதிரியான செல்கள் நம் மூளையிலும் இருக்கின்றன. சந்தையில் ஆயிரம் பேர் நடுவில் நம் பிள்ளை முகம் மட்டும் சட்டென்று தெரிகிறதே, அதற்கு அவைதான் காரணம்.

வெள்ளாடும் சளைத்ததில்லை. லண்டன் விஞ்ஞானிகள் செய்த ஓர் ஆய்வில், குட்டியைப் பிரித்து 7 மாதத்துக்கு மேல் ஆன பிறகும் தாய் ஆடு அந்தக் குட்டியின் பழைய குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தது. ஆடு வளர்க்கிற சகோதரிகள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டீர்கள்.

வாசனையும் ஓர் அடையாளம். செம்மறி ஆடு குட்டி போட்ட இரண்டொரு மணி நேரத்துக்குள் தன் குட்டியின் வாசனையைக் கற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு வேறு குட்டி மடிக்கு வந்தால் முட்டித் தள்ளுகிறது. நம் ஊர்களில் கன்று செத்துப்போனால், அதன் தோலில் வைக்கோல் அடைத்துத் தாய்க்கு முன்னால் வைப்பார்கள். மாடு அதை நக்கிக்கொண்டே பால் விடும். நம் முன்னோர்களுக்கு மூளைப் படம் எடுக்கத் தெரியாது. ஆனால் மாடு தன் கன்றை மூக்கால் அறிகிறது என்பது தெரிந்திருந்தது.

முகம், குரல், வாசனை மூன்றும் மூன்று வழியாக மூளைக்குள் போகின்றன. உள்ளே போனதும் அவை ஒன்று சேர்ந்து, "இது இன்னார்" என்று ஒரே ஆளாக நிற்கின்றன. அந்த ஞாபகத்தைச் சேர்த்து வைப்பதில் மூளையின் உள்பக்கம், கடல்குதிரை மாதிரி வளைந்திருக்கும் ஒரு பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. 2014-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். எலியின் மூளையில் அந்தப் பகுதிக்குள் இருக்கும் ஒரு சின்ன இடத்தை மட்டும் வேலை செய்யாமல் நிறுத்தினார்கள். எலிக்கு இடம், வழி எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் பழகிய எலியையும் புது எலியையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆளை நினைவில் வைப்பதற்கென்றே மூளையில் ஓர் இடம் இருக்கிறது என்றால், அது பிராணிகளுக்கு எவ்வளவு முக்கியமான வேலை என்று பாருங்கள்.

நம் மாவட்டத்தில் இதற்குப் பெரிய சாட்சி யானை. அதன் மூளை சுமார் 5 கிலோ எடை. நம்முடையது ஒன்றரைக் கிலோகூட இல்லை. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் அம்போசெலி காட்டில் கேரன் மெக்கோம்ப் என்ற பெண் விஞ்ஞானி யானைகளின் குரலைப் பதிவு செய்து போட்டுக் காட்டினார். ஒரு பெண் யானை சுமார் 100 யானைகளின் குரலைத் தனித்தனியாக அறியும் என்று 2000-ல் எழுதினார். செத்துப்போய் 2 வருடம் ஆகப்போகும் ஒரு யானையின் குரலைப் போட்டபோது, அதன் குடும்பத்து யானைகள் பதில் குரல் கொடுத்தன.

முதுமலை தெப்பக்காடு முகாமை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே தாயைப் பிரிந்து வந்த ரகு, பொம்மி என்ற இரண்டு குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் விருது வாங்கியது. காட்டுநாயக்கர் இனத்தைச் சேர்ந்த பெள்ளிக்கு அந்த வருடம் ஆகஸ்டில் யானைக் காவடி பணிக்கான ஆணை கொடுக்கப்பட்டது. பாகனுக்குத் துணையாக நின்று யானையைப் பராமரிக்கும் வேலை அது. தாய் இல்லாத குட்டிக்குப் பால் புகட்டிய கைதான் குடும்பம். கொடுக்கிற பால் மட்டும் போதாது, தினமும் அதே கை, அதே குரல் வேண்டும். இதை நமக்குப் பெள்ளியின் வாழ்க்கை காட்டுகிறது.

ஆனால் யானையின் ஞாபகத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ரிவால்டோ யானையை மசினகுடி பக்கத்துச் சகோதரிகள் அறிவீர்கள். பல வருடமாக மக்கள் பழம் கொடுத்துப் பழக்கிய காட்டு யானை அது. 2021 மே மாதம் அதை வாழைத்தோட்டத்தில் கிராலுக்குள் அடைத்து, ஆகஸ்டில் தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மறுநாளே நடந்து பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அது எதையும் மறக்கவில்லை. அதனால்தான் சொல்கிறோம், காட்டு விலங்குக்கு ஒருநாள் இரக்கப்பட்டு வாழைப்பழம் கொடுக்காதீர்கள். கல்லும் தீயும் எறியாதீர்கள். இரண்டையும் அது நினைவில் வைக்கும். நாளைக்கு அதே வழியில் இலை பறிக்கப் போகிறவர் நம் குழுச் சகோதரியாகவே இருக்கலாம்.

இப்போது நம் மாட்டுக்கு வருவோம்.

மாடு பாலை "அடக்குது" என்று சொல்கிறோமே, அது வேண்டுமென்று செய்யும் கள்ளத்தனம் இல்லை. மடியில் பால் ஊறினால் மட்டும் கறந்துவிட முடியாது. மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு ரத்தத்தில் கலந்து மடிக்கு வர வேண்டும். அது வந்து அழுத்தினால்தான் பால் காம்புக்கு இறங்கும். இது உங்களுக்குப் புதிது இல்லை. பக்கத்து அறையில் குழந்தை அழும் குரல் கேட்டதும் உங்கள் மார்பில் பால் கசிந்ததே, அதுவும் இதே சுரப்புதான். பிரசவத்தில் வலி வருவதற்கு ஆஸ்பத்திரியில் டிரிப்பில் ஏற்றுகிற மருந்தும் இதுதான்.

பயமோ பதற்றமோ இருந்தால் மூளை அந்தச் சுரப்பை விடாது. புது இடம், புது வாசனை, புது ஆள் என்றால் மாட்டுக்கு அதே நிலைமைதான். 1999-ல் கனடாவில் ஓர் ஆய்வு நடந்தது. மாடுகளிடம் ஒருவர் அன்பாக நடந்துகொண்டார், இன்னொருவர் அடித்து முரட்டுத்தனமாக நடந்துகொண்டார். மாடுகள் இருவரையும் பிரித்து அறிந்தன. கறக்கும் நேரத்தில் அடித்தவர் சும்மா பக்கத்தில் நின்றாலே போதும், கறந்து முடித்த பிறகும் மடியில் தங்கிய பால் 70 சதவீதம் கூடியது. அன்றைக்கு அவர் கை வைக்கவே இல்லை, நின்றார், அவ்வளவுதான்.

அந்தச் சகோதரியின் தொழுவத்துக்கு நாங்கள் போனோம், கொஞ்சம் தாமதமாகத்தான். பார்த்தால், காலையில் ஃபேக்டரி வேலைக்கு ஓடும் மகன் அவசரமாகக் கறக்கிறான். மாலையில் நாத்தனார். ஞாயிற்றுக்கிழமை வேறு யாரோ. உதைத்தால் கையில் ஒரு குச்சி. விற்றவருக்குப் போன் போட்டோம். அவர் சொன்னார்: "பேர் பவுனு. எங்கம்மா மட்டும்தாங்க கறப்பாங்க. பேசிக்கிட்டே கறப்பாங்க." இதை வாங்கும் நாளில் நாம் யாரும் கேட்கவில்லை.

முதலில் கால்நடை மருத்துவரை வரவழைத்தோம். மடிநோய் இல்லை என்று உறுதி செய்தார். வெயில் ஊரிலிருந்து குளிருக்கு வந்ததாலும் தீனி மாறியதாலும் கொஞ்சம் பால் குறையும், அது சரியாகிவிடும் என்றார். ஊசி விஷயத்தைக் கேட்டதும் கோபப்பட்டார். மாட்டின் உடம்பைக் கெடுத்துப் பால் கறக்க ஊசி போடுவது 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12-வது பிரிவில் குற்றம். அது தெரியாமல் நம் குழுவே ஒரு சகோதரியைக் குற்றத்துக்குள் தள்ளப் பார்த்தது.

அன்றிலிருந்து அவர் ஒருவரே கறந்தார். தினமும் அதே நேரம், அதே பழைய சேலை. தூரத்தில் வரும்போதே "பவுனு, பவுனு" என்று கூப்பிட்டார். கொஞ்சம் புண்ணாக்கு, கொஞ்சம் தடவல், கன்றை முதலில் ஊட்டவிட்டு அப்புறம் கறவை. குச்சியைத் தொழுவத்தைவிட்டே எடுத்துவிட்டார். முதல் வாரம் ஒன்றும் மாறவில்லை. "பேர் சொன்னா பால் வருமா" என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். மூன்றாவது வாரம் 6 லிட்டர். அப்புறம் 7. விற்றவர் வீட்டு 8 லிட்டர் வரவே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறோம். 7 லிட்டரிலேயே தவணை கட்ட முடிந்தது.

இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 516 பால் பண்ணைக்காரர்களைக் கேட்டு 2009-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பண்ணைகளில் ஒரு மாட்டுக்கு வருடத்தில் 258 லிட்டர் அதிகம் கிடைத்தது. பேருக்குள் மந்திரம் எதுவும் இல்லை. பேர் வைக்கிறவர் முகத்தைப் பார்ப்பார், நடையைப் பார்ப்பார், நோய் வந்தால் முதல் நாளே கண்டுபிடிப்பார். மாடும் அவரை அறியும். அறிந்தவரிடம் பயம் இருக்காது.

இனிமேல் மாடு வாங்கும் சகோதரிகள் இவற்றைக் கவனியுங்கள்:

1. விற்பவரிடம் மாட்டின் பேர், கறக்கும் ஆள், கறக்கும் நேரம், வழக்கமான தீனி ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் அங்கேயே ஒன்றிரண்டு வேளை நீங்கள் கறந்து பழகுங்கள்.

2. வீட்டுக்கு வந்த முதல் மாதம் ஒரே ஆள், ஒரே நேரம். மாடு உயரத்தையும் உடுப்பையும் முகத்தையும் பார்த்து ஆளை அறிகிறது. அதனால் கறக்க ஒரே மாதிரியான உடுப்பைக் கட்டுங்கள்.

3. பால் குறைந்தால் முதலில் கால்நடை மருத்துவர். ஊசி வேண்டவே வேண்டாம்.

4. மடியைத் துடைத்துத் தடவினால் ஒரு நிமிடம் வாக்கில் பால் இறங்கும். அந்தச் சுரப்பு சில நிமிடம்தான் நிற்கும். நடுவில் எழுந்து போகாமல் கறந்து முடியுங்கள்.

5. அடிக்காதீர்கள். நீங்கள் மறந்துவிடுவீர்கள், அது மறக்காது.

கடைசியாக ஒன்று. பழைய தீர்மானத்தை அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்தில் நாங்கள் எல்லோர் முன்னாலும் அடித்துவிட்டு, அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க ஒருநாள் வந்து பார்த்திருந்தா போதுமே" என்றார். மூன்று வருடமாகப் பழகிய அவரை நாங்கள் அறிந்துவைத்தது அவ்வளவுதான். அந்த மாடு அவரை மூன்றே வாரத்தில் அறிந்துகொண்டது.

நம்முடைய மாட்டுக் கடன் விண்ணப்பத்தில் காது வில்லை எண்ணுக்குக் கட்டம் இருக்கிறது, நிறத்துக்குக் கட்டம் இருக்கிறது. "மாட்டின் பேர்" என்று ஒரு கட்டமும், "கறக்கப் போகிறவர் யார்" என்று ஒரு கட்டமும் சேர்க்கலாம் என்று நாங்கள் முன்மொழிகிறோம். பிரதிநிதிகள் உங்கள் குழுக்களில் பேசிவிட்டு வாருங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானம் போடுவோம். வரும்போது உங்கள் வீட்டு மாடு, ஆடுகளின் பேர்களையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.